ஒயிட் காசில்: ஐந்து சென்ட் ஹாம்பர்கரின் நூறாண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயிட் காசில் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலும் நியூயார்க், நியூஜெர்சி வட்டாரத்திலும் பெரும்பாலான கிளைகள் உள்ள ஹாம்பர்கர் உணவகத் தொடர் இது. 1921இல் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் தொடங்கியது. இப்போது தலைமையகம் ஓஹையோவின் கொலம்பஸ். ஹாம்பர்கரை நம்பியே தொடராக வளர்ந்த முதல் நிறுவனம் என்று உணவக வரலாற்றில் இதற்குத்தான் இடம். இன்றும் இங்க்ரம் குடும்பத்தின் சொத்து.

கடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 350. அமெரிக்காவில் மட்டும் 13,000க்கு மேல் கடை வைத்திருக்கும் மக்டொனால்ட்ஸ் இதற்கு 19 ஆண்டு இளையது. முந்திப் பிறந்தவர் ஏன் இவ்வளவு சிறியதாக நின்றுவிட்டார் என்பதற்கான பதில் கீழே பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

நிறுவனர் யார், ஆண்டர்சனா இங்க்ரமா?

இருவரும்தான். சமையல் ஆண்டர்சனுடையது, வியாபாரம் இங்க்ரமுடையது.

வால்ட்டர் ஆண்டர்சன் விச்சிட்டாவில் இறைச்சி சுடும் கல்லருகே நின்று வேலை பார்த்த சமையல்காரர். 1916இல் சிறிய கடை ஒன்றைப் போட்டார். அதுவரை அரைத்த மாட்டிறைச்சியைத் தடித்த உருண்டையாகக் கல்லில் போட்டு நேரம் போக வேகவைப்பதுதான் வழக்கம். ஆண்டர்சன் அதை வெங்காயத்தோடு சேர்த்துத் தட்டைக் கரண்டியால் நசுக்கி மெலிதாக்கினார். சீக்கிரம் வெந்தது, வெங்காய வாசமும் உள்ளே இறங்கியது. வெட்டிய ரொட்டித் துண்டுக்குப் பதிலாகச் சாற்றை இழுத்துக்கொள்ளும் சிறிய பன்னில் வைத்து 5 சென்டுக்கு விற்றார்.

அடுத்த கடைக்கு இடம் தேடியபோது பழக்கமானவர் எட்கர் வால்டோ இங்க்ரம், எல்லோரும் அழைத்த பெயரில் பில்லி இங்க்ரம். வீட்டுமனை, காப்பீட்டுத் தரகர். 700 டாலர் கடன் வாங்கி இருவரும் 1921 மார்ச்சில் முதல் ஒயிட் காசிலைத் திறந்தார்கள். கடன் மூன்றே மாதத்தில் அடைந்தது. பிறகு இந்தக் குடும்பம் வளர்ச்சிக்காகக் கடன் வாங்குவதை முடிந்தவரை தவிர்த்தது.

ஆண்டர்சனுக்கு விமானத்தில் மோகம். 1933இல் தன் பங்கை இங்க்ரமுக்கு விற்றுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மறு ஆண்டே இங்க்ரம் தலைமையகத்தைக் கொலம்பஸுக்கு மாற்றினார். ‘குடும்ப நிறுவனம்’ என்ற சொல் சரியாகப் பொருந்துவது அதன் பிறகுதான்.

கடை ஏன் வெள்ளைக் கோட்டை மாதிரி இருக்கிறது?

வெள்ளை என்றால் சுத்தம், கோட்டை என்றால் உறுதி. பெயரே அறிவிப்புப் பலகை. கொத்தளமும் சிறு கோபுரமும் சிகாகோவின் பழைய நீர்க்கோபுரத்தைப் பார்த்து அமைத்தவை. 1871 பெருந்தீயில் அந்தப் பகுதியில் தப்பி நின்ற கட்டடங்களில் அதுவும் ஒன்று.

ஹாம்பர்கருக்கே சுத்தத்தை விளம்பரப்படுத்த வேண்டியிருந்ததா?

ஆம். 1906இல் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அழுக்கை வெளிச்சமாக்கிய நாவல் ஒன்று வந்து, அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் பிறந்தது. முழு இறைச்சியைப் பார்த்து வாங்கலாம். அரைத்ததில் என்ன சேர்ந்திருக்கிறதென்று யார் கண்டார்? மீந்து நாறியதையெல்லாம் அரைத்துத் தள்ளிவிடுவார்கள் என்பதே பொதுப் பேச்சு. ஹாம்பர்கர் என்றால் சந்தை ஓரத்து ஏழைச் சாப்பாடு.

இதை உடைக்க இவர்கள் செய்தது எளிது. சமையலை மறைவிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கவுண்டரில் உட்கார்ந்தவர் கண்ணெதிரே கல், கறி, சமைப்பவரின் கை எல்லாம் தெரியும். உள்சுவர் வெள்ளை, பாத்திரம் துருப்பிடிக்காத எஃகு, சீருடை வெள்ளை. சமைப்பவரின் நகம், முடி, தொப்பி வரை விதி உண்டு. பணியாளர் வாசிக்க வீட்டுப் பத்திரிகை ஒன்றும் 1920களிலேயே நடந்தது.

ஒரு மாணவர் 13 வாரம் ஹாம்பர்கர் மட்டுமே சாப்பிட்டு வாழ்ந்தது உண்மையா?

உண்மை. 1930இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜெஸி மெக்லெண்டன் மேற்பார்வையில், பெர்னார்ட் ஃபிளெஷ் என்ற மருத்துவ மாணவர் ஒயிட் காசில் ஹாம்பர்கரும் தண்ணீரும் மட்டுமே உட்கொண்டு 13 வாரம் இருந்தார். கடைசியில் நாளொன்றுக்கு இருபதுக்கு மேல் தின்றார். உடல்நிலை கெடவில்லை என்று அறிக்கை வந்தது. செலவு நிறுவனத்துடையது.

ஒரே ஆள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. அறிவியலாக இதற்கு மதிப்புக் குறைவு, விளம்பரமாக மதிப்பு மிக அதிகம். இன்றைய உணவு ஆலோசனைக்கு யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெண்களைக் கடைக்கு வரவழைக்கத் தனி ஆள் வைத்தார்களாமே?

1932இல் எல்லா லூயிஸ் ஆக்னியல் என்பவரை நியமித்து ‘ஜூலியா ஜாய்ஸ்’ என்ற புனைபெயரில் ஊர் ஊராக அனுப்பினார்கள். மகளிர் சங்கக் கூட்டங்களுக்குப் பை நிறைய ஹாம்பர்கருடன் போவார். பேச்சு முடிந்ததும் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் அடுக்களையைச் சுற்றிக் காட்டுவார். பேச்சை விட அந்தச் சுற்றுதான் வேலை செய்தது என்று சொல்லலாம். அதுவரை ஆலைத் தொழிலாளர்களே பெரும்பாலான வாடிக்கையாளர்கள்.

இறைச்சி வில்லை ஏன் சதுரம்? ஏன் ஐந்து துளை?

சதுரம் இடத்துக்காக. வட்டங்களை எப்படி அடுக்கினாலும் நடுவில் வெற்றிடம் விழும். இரண்டரை அங்குலச் சதுரங்களை ஒன்றையொன்று ஒட்டி வைத்தால் கல்லில் காலியிடமே இல்லை. ஒரே தடவையில் முப்பது வரை வேகும். உறைந்த கறிப்பாளத்திலிருந்து சதுரமாக வெட்டும்போது ஓரக் கழிவும் மிஞ்சாது.

துளை 1950களில் வந்தது. சின்சினாட்டி கடையைச் சேர்ந்த ஒருவர் ஆலோசனைப் பெட்டியில் போட்ட யோசனை. அடியில் இருக்கும் வெங்காயத்தின் ஆவி துளை வழியே மேலேறும்போது வில்லையின் மேற்பக்கமும் வெந்துவிடும். திருப்பிப் போடும் வேலை மிச்சம். முப்பது வில்லையைத் தனித்தனியாகத் திருப்ப ஒரு நிமிடமாவது போகும், அதற்குள் முதல் வரிசை அதிகம் வெந்துவிடும். துளையிட்ட இடத்துக் கறி வீணாவதில்லை, எடுத்தது மீண்டும் அரைவைக்கே போகும்.

துளையிட்டதும் இறைச்சியின் அளவைக் குறைத்து ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சேமிப்பு கிடைத்தது உண்மைதான். ஆனால் திருப்பாமல் வேகவைக்கவும் துளை உதவுகிறது.

கடையில் எந்த வரிசையில் சமைக்கிறார்கள்?

1. உலர்ந்த வெங்காயச் சீவலைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு கல் முழுக்கப் பரப்புவார்கள்.
2. உறைந்த சதுர வில்லைகளை வெங்காயத்தின் மேல் ஒட்டி ஒட்டி அடுக்குவார்கள். இறைச்சி கல்லை நேரடியாகத் தொடுவதில்லை.
3. நிறம் மாறத் தொடங்கியதும் பன்னின் இரு பாதிகளையும் வில்லைகளின் மேல் வைப்பார்கள். ஆவி பன்னுக்குள் ஏறும்.
4. தட்டைக் கரண்டியால் வெங்காயத்தோடு அள்ளி, வெள்ளரி ஊறுகாய்த் துண்டு ஒன்று வைத்து மூடி, அட்டைப்பெட்டிக்குள் செருகுவார்கள்.

தண்ணீர் இருக்கும்வரை கல்லின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது கடினம். அதனால் கறி சிவந்து மொறுமொறுப்பாகாது, வெளிர் சாம்பல் நிறத்தில் மெத்தென்று நிற்கும். வறுத்த ஹாம்பர்கரை எதிர்பார்த்து வருபவருக்கு முதல் கடி ஏமாற்றம் தருவது இதனால்தான். பிடித்தவர்கள் அதே காரணத்துக்காகத்தான் பையோடு வாங்குகிறார்கள்.

வீட்டில் அதே பக்குவம் வருமா? அளவு என்ன?

நெருங்கி வரும். 18 ஸ்லைடருக்கு (ஒயிட் காசிலின் சிறிய ஹாம்பர்கருக்கு இந்தப் பெயர்):

அரைத்த மாட்டிறைச்சி 450 கிராம் (கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு), உலர்ந்த வெங்காயச் சீவல் கால் கப், வெந்நீர் ஒரு கப், உப்பு முக்கால் தேக்கரண்டி, மிருதுவான சிறிய பன் 18, வெள்ளரி ஊறுகாய் 18 துண்டு.

வெங்காயத்தை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைக்கவும். இறைச்சியில் உப்பைக் கலந்து, இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே 42 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்தால் கனம் 5 மி.மீ. அளவில் வரும். தட்டோடு உறைபெட்டியில் ஒன்றரை மணிநேரம் வைத்து, இறுகியதும் 7 செ.மீ. சதுரங்களாக வெட்டவும். வேகும்போது சுருங்கும், அதனால்தான் கால் அங்குலம் கூடுதல் அளவு. உறிஞ்சுகுழலால் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒன்று, மூலைப் பக்கம் நான்கு என்று துளைக்கவும்.

அகலமான வாணலியை மிதமான சூட்டில் வைத்து, ஊறிய வெங்காயத்தில் கொஞ்சத்தை நீரோடு மெல்லிய படுக்கையாகப் பரப்பி வில்லைகளை அடுக்கவும். இரண்டு நிமிடத்தில் ஓரம் சாம்பல் நிறமாகும். பன்னை மேலே வைத்து மூடியிட்டு இன்னும் இரண்டு மூன்று நிமிடம். அரைத்த இறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு அளவு. மெல்லிய வில்லையில் வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகிப் பார்க்கவும். வெட்டின இடத்தில் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. தண்ணீர் அதிகமானால் பன்னின் அடிப்பாகம் கஞ்சியாகும். குறைந்தால் வெங்காயம் கருகிக் கசக்கும், மேற்பக்கம் பச்சையாக நிற்கும். கனம் 8 மி.மீ.யைத் தாண்டினால் திருப்பாமல் வேகாது. மேலோடு கெட்டியான ரொட்டி ஆவியை உள்ளே விடாது. பச்சை வெங்காயம் போட்டால் அதுவே நீர் விடும், ஊற்றும் தண்ணீரைப் பாதியாக்கி, நைசாக நறுக்கி, கறி வைக்கும் முன் மூன்று நிமிடம் வதக்கிக்கொள்ளவும். வாணலி சிறியதென்றால் இரண்டு மூன்று தடவையாகச் செய்யலாம். வில்லையை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற மட்டும் கூடாது.

எனாமல் கடைகள் என்கிறார்களே, அவை எப்படிப்பட்டவை?

தொடக்கத்தில் சிமென்ட் கல்லிலும் செங்கல்லிலும் கட்டினார்கள். ஒவ்வொரு ஊர்க் கொத்தனாரும் ஒவ்வொரு மாதிரி கட்டியதால் கோட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இன்னொரு தலைவலி நிலம். பெரும்பாலும் குத்தகை மனை. சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னால் கட்டடம் அவருக்கே போய்விடும்.

தீர்வு, கழற்றிப் பூட்டும் எஃகுக் கட்டடம். 1928இல் தொடங்கி, 1934இல் ‘போர்சலெய்ன் ஸ்டீல் பில்டிங்ஸ்’ என்று தனி நிறுவனமே ஆனது. எஃகுத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைத் தூவி உலையில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சுதான் எனாமல். வண்ணம் அடிக்க வேண்டியதில்லை, எண்ணெய்ப் பிசுக்கு சோப்புத் தண்ணீரில் போய்விடும். குத்தகை முடிந்தால் தகடுகளைக் கழற்றி வேறு மனையில் மாட்டிவிடலாம். ஒரே குறை: ஏதாவது மோதிப் பூச்சு பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு தொடங்கி ஓரத்துக்கு அடியில் பரவும். தொடக்கத்திலேயே அடைக்காவிட்டால் தகட்டையே மாற்ற வேண்டும்.

மினியாபொலிஸில் 1936இல் கட்டிய எட்டாம் எண் கடை, இடம் விட்டு இடம் பெயர்க்கப்பட்டும் இன்றும் நிற்கிறது. தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அதற்கு இடம் உண்டு. இப்போது அங்கே ஹாம்பர்கர் கிடைக்காது, கட்டடத்தைப் பார்க்கலாம்.

காகிதத் தொப்பி இவர்கள் கண்டுபிடிப்பா?

துணித் தொப்பியைத் துவைத்து மாளவில்லை. காகிதத்தில் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 1932இல் ‘பேப்பர்லினன்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சொந்தத் தேவை போக மற்ற உணவகங்களுக்கும் விற்றார்கள். கட்டடம், தொப்பி, பன் எல்லாம் தாங்களே செய்துகொண்டதில் செலவும் குறைந்தது, எந்தக் கடையும் வித்தியாசமாகத் தெரியாமலும் போனது.

‘பையோடு வாங்குங்கள்’ என்ற வாசகம் எதற்கு?

கவுண்டரில் ஐந்தாறு நாற்காலிதான். உட்கார இடமில்லாதபோது விற்பனையைக் கூட்ட ஒரே வழி, கையில் கொடுத்து அனுப்புவது. ஹாம்பர்கரின் அளவும் இதற்கு ஒத்துழைத்தது. ஒன்று யாருக்கும் போதாது. மந்தநிலைக் காலத்தில், 1930களின் தொடக்கத்தில், நாளிதழ்க் கூப்பனைக் கிழித்து வந்தால் 10 சென்டுக்கு ஐந்து கொடுத்தார்கள். 1920களிலும் 1930களிலும் ஒன்றின் விலை 5 சென்டாகவே நின்றது.

ஒயிட் டவர் என்பது இதன் கிளையா?

இல்லை, போட்டி. 1926இல் மில்வாக்கியில் தொடங்கிய ஒயிட் டவர் வெள்ளை நிறம், கோபுரம், 5 சென்ட் விலை, விளம்பர வாசகத்தின் சாயல் வரை எல்லாவற்றையும் ஒட்டி எடுத்தது. ஒயிட் காசில் மினசோட்டாவில் வழக்குப் போட்டது. டெட்ராய்ட்டில் தாங்கள் முந்தி என்று ஒயிட் டவர் மிச்சிகனில் எதிர்வழக்குப் போட்டது. இரண்டிலும் ஒயிட் காசிலுக்கே வெற்றி. மிச்சிகன் மேல்முறையீடு முடிய 1937 ஆனது. பிறகு ஒயிட் டவர் தன் கட்டடங்களின் தோற்றத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

தெற்கு மாநிலங்களில் சதுர ஹாம்பர்கர் விற்கும் கிரிஸ்டல் வேறு நிறுவனம். 1932இல் டென்னசியின் சட்டனூகாவில் தொடங்கியது.

மக்டொனால்ட்ஸ் ஏன் முந்திவிட்டது?

காரணம் மூன்று, ஒன்றோடொன்று பின்னியவை.

முதலாவது, பிரான்சைஸ், அதாவது தன் பெயரில் கடை நடத்தும் உரிமையைப் பிறருக்குக் கொடுப்பது. மக்டொனால்ட்ஸைப் பெருக்கிய ரே கிராக் 1955க்குப் பிறகு பிறர் பணத்தில் கடை கடையாகத் திறந்தார். இங்க்ரம் குடும்பம் அமெரிக்காவுக்குள் கடைகளைப் பெரும்பாலும் சொந்தமாகவே வைத்துக்கொண்டது. சொந்த லாபத்தில் கட்டினால் ஆண்டுக்குச் சில கடைதான் கட்ட முடியும்.

இரண்டாவது, இடம். இவர்களுடைய கடைகள் ஆலை வாசலிலும் டிராம் நிறுத்தத்திலும் நின்றன. இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர்தான் வாடிக்கையாளர், அதனால்தான் பல கடை 24 மணிநேரமும் திறந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் காரில் ஏறிப் புறநகருக்குப் போனார்கள். டிராம் நின்றது, ஆலைகளும் மெல்ல மூடின.

மூன்றாவது, போர் கொடுத்த அடி. 1943இல் இறைச்சிக்கு ரேஷன் வந்தது. ஹாம்பர்கரைத் தவிர விற்க வேறு அதிகமில்லாத கடைக்கு அது பேரிடி. ஆண் பணியாளர்கள் படைக்குப் போனார்கள், பல கிளைகள் மூடப்பட்டன.

பிரான்சைஸ் கொடுக்காததைத் தவறு என்று சொல்வோர் உண்டு. எங்கள் கணிப்பு வேறு: பிரான்சைஸ் கொடுத்து வேகமாகப் பெருகிய அக்காலத் தொடர்கள் பல கைமாறிக் கைமாறிப் பெயர் மட்டும் மிஞ்சின. இங்கே பங்குச் சந்தைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நஷ்டத்தில் இருந்த ஊரை விட்டு வெளியேறவும், லாபம் மெதுவாக வரும் ஒன்றில் காத்திருக்கவும் முடிந்தது.

விச்சிட்டாவில் முதல் கடையைப் பார்க்கலாமா?

முடியாது. 1938இலேயே விச்சிட்டாவை விட்டு வந்துவிட்டார்கள். பிறந்த ஊரில் கிளை இல்லாத தொடர் இது.

இப்போது யார் நடத்துகிறார்கள்?

பில்லி இங்க்ரம் 1966இல் காலமானார். அவருக்குப் பின் மகன் எட்கர் இங்க்ரம் ஜூனியர், பிறகு பேரன் பில் இங்க்ரம். 2015 முடிவில் நான்காம் தலைமுறையின் லிசா இங்க்ரம் தலைமைச் செயல் அலுவலரானார்.

கடையே இல்லாத ஊர்களிலும் உறைந்த ஸ்லைடர் கிடைக்கிறதே?

பையாக வாங்கி வீட்டில் உறையவைத்துத் தூர ஊர் உறவினருக்குக் கொண்டுபோகும் வழக்கம் வாடிக்கையாளர்களிடமே இருந்தது. 1987 முதல் நிறுவனமே பல்பொருள் அங்காடிகளுக்கு அனுப்புகிறது. கடை கட்டாமல் புது ஊருக்குள் நுழைய இதுதான் அவர்களின் வழி.

மைக்ரோவேவில் உறையோடு, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் சூடாக்கவும். உறைக்குள் தங்கும் ஆவிதான் கல்லின் ஆவிக்கு மாற்று. பிரித்துப் போட்டால் பன் ஓரம் தோல் மாதிரி இறுகும், அதிகம் ஓட்டினால் மொத்தமும் ரப்பராகும். எடுத்ததும் ஒரு நிமிடம் மூடியபடி விட்டால் ஈரம் சமமாகப் பரவும். ஊறுகாய்த் துண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கு?

2018 ஏப்ரலில் தாவரப் புரத ‘இம்பாசிபிள் ஸ்லைடர்’ 140 கடைகளில் அறிமுகமாகி, அந்த ஆண்டிலேயே எல்லாக் கடைக்கும் வந்தது. அறிமுக விலை 1.99 டாலர். கண்டிப்பான சைவர் என்றால் கல் தனியா என்று கடையில் கேட்டுக்கொள்ளவும்.

மேற்கிலோ தெற்கிலோ கிளை உண்டா?

2015 ஜனவரியில் லாஸ் வேகாஸில் திறந்தார்கள். கூட்டம் தாங்காமல் சரக்குத் தீர்ந்து, முதல் நாட்களிலேயே சில மணிநேரம் மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. 2019இல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல், 2021இல் ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ.

காதலர் தினத்தில் முன்பதிவு வேண்டுமா?

வேண்டும். 1991 முதல் அன்று மாலை மட்டும் மேசை விரிப்பு, பரிமாறும் ஆள் எல்லாம் உண்டு. பங்கேற்கும் கடைகளில் மட்டும். இடங்கள் சில நாளிலேயே நிரம்பிவிடும்.

வான்கோழிக்குள் ஸ்லைடரை அடைக்கும் நன்றி நவிலல் நாள் செய்முறை என்ன?

ஊறுகாய் இல்லாமல் 10 ஸ்லைடர் வாங்கி, பன்னும் கறியுமாகப் பிய்த்துப் போடவும். பொடியாக நறுக்கிய செலரி ஒன்றரை கப், தைம் ஒன்றேகால் தேக்கரண்டி, அரைத்த சேஜ் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் முக்கால் தேக்கரண்டி சேர்த்துக் கால் கப் கோழிச் சாறு ஊற்றிப் பிசறவும். 10 முதல் 12 பவுண்டு வான்கோழிக்கு இது போதும். உப்பு போட வேண்டாம், ஸ்லைடரிலேயே இருக்கிறது. ஊறுகாயை எடுக்க மறந்தால் மொத்த அடைசலும் புளிக்கும், வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். வான்கோழியை அடுப்பில் வைக்கும் நேரத்தில்தான் அடைக்க வேண்டும், முந்தின இரவே அடைத்து வைக்கக் கூடாது. அடைசலின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் எட்டியிருக்கிறதா என்று வெப்பமானியில் பார்த்த பிறகே எடுக்கவும்.